அக்குவாவின் பற்றரியில் சார்ஜ் நிற்கவில்லை: மாற்றுவதா, திருத்துவதா?

கேள்வி: நான் வவுனியாவில் இருந்து செட்டிகுளத்துக்குப் படிப்பிக்கப் போய்வருகிறேன். என்னிடம் இருப்பது 2013ஆம் ஆண்டு ரொயோட்டா அக்குவா. மீற்றரில் ஒரு இலட்சத்து 62 ஆயிரம் கிலோமீற்றர் காட்டுகிறது. இரண்டு மாதமாக ஹைபிரிட் பற்றரியில் சார்ஜ் நிற்பதில்லை. புறப்படும்போது ஆறு கட்டம் இருக்கும், நகரத்தைத் தாண்டுமுன் இரண்டுக்கு இறங்கிவிடும். அப்புறம் சில நிமிடத்திலேயே முழுதாக நிரம்பியதாகக் காட்டும். லீற்றருக்கு 21 கிலோமீற்றர் ஓடியது இப்போது 15. பின்சீற்றுப் பக்கம் விசிறி இரைந்துகொண்டே இருக்கிறது. போன மாதம் சிவப்பு முக்கோண எச்சரிக்கை விளக்கு ஒருமுறை எரிந்தது. ஒரு கராஜில் வாகனக் கணினியை வாசிக்கும் ஸ்கானர் பூட்டி அதை அழித்துவிட்டு, சின்னப் பற்றரியை மாற்றித் தந்தார்கள். ஒரு மாற்றமும் இல்லை. இன்னொருவர் பெரிய பற்றரியை முழுதாக மாற்றச் சொல்கிறார். மூன்றாமவர், பழுதான செல்லை மட்டும் மாற்றலாம், ஆறில் ஒரு பங்கு காசுதான் என்கிறார். என் தம்பியோ யூரியூப் பார்த்துவிட்டுத் தானே கழற்றிப் பார்ப்பதாக நிற்கிறான். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: ரீச்சர், கடைசியாகச் சொன்னதற்குத்தான் முதலில் பதில். தம்பியைக் கழற்ற விடாதீர்கள்.

அவர் கெட்டிக்காரராக இருக்கலாம். வீட்டு வயரிங், தண்ணீர் மோட்டர் எல்லாம் தானே பார்க்கிறவராகவும் இருக்கலாம். ஆனால் வீட்டில் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு வேலை தொடங்கலாம். பற்றரிக்கு மெயின் சுவிட்ச் கிடையாது. பற்றரிப் பெட்டியில் இருக்கும் சேவிஸ் பிளக்கைக் கழற்றினால் தொடர் நடுவில் அறுகிறது, அவ்வளவுதான். அறுந்த இரண்டு பக்கத்திலும் மின்சாரம் உயிரோடுதான் இருக்கும். உங்கள் வாகனத்தின் பெரிய பற்றரி 144 வோல்ற். அதை இன்வேட்டர் என்ற மின்மாற்றுக் கருவி தேவைக்கேற்ப 520 வோல்ற் வரை உயர்த்தி மோட்டருக்குக் கொடுக்கிறது. பிளக்கைக் கழற்றிய பிறகும் இன்வேட்டருக்குள் தேங்கியிருக்கும் மின்சாரம் வடியக் குறைந்தது பத்து நிமிடம் காத்திருந்து, மீற்றரில் பார்த்து உறுதி செய்த பிறகுதான் நாங்களே கை வைக்கிறோம். அதுவும் 1000 வோல்ற் தாங்கும் றப்பர் கையுறை போட்டுக்கொண்டு, மோதிரம், மணிக்கூடு, கழுத்துச் சங்கிலி எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு. என் கராஜ் சுவரில் ஒரு 8 இலக்கச் சாவி தொங்குகிறது. நான் வேலை பழகிய காலத்தில் அது கை தவறி இரண்டு முனைகளில் ஒரே நேரத்தில் முட்டியது. சாவியின் வாய் உருகிப் போய்விட்டது. கை தப்பியது கையுறையால்தான். புதிதாக வேலைக்கு வரும் பொடியன்களுக்கு முதல்நாள் அதைத்தான் காட்டுவேன்.

தம்பிக்குச் செய்ய வேறு வேலை இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

இப்போது வாகனத்துக்கு வருவோம். உங்கள் அக்குவா பெற்றோல் எஞ்சினிலும் மின்மோட்டரிலும் ஓடும் ஹைபிரிட் கார். அதில் இரண்டு பற்றரிகள் இருக்கின்றன. சின்னது எல்லாக் காரிலும் உள்ளதுபோல 12 வோல்ற். கணினிகளை எழுப்புவதும், விளக்கு, பூட்டு, ஹோர்ன் போன்றவற்றை நடத்துவதும் அதன் வேலை. எஞ்சினைச் சுழற்றி எழுப்புவது அது அல்ல. உங்கள் வாகனத்தில் தனியாக ஸ்ராட்டர் மோட்டரே கிடையாது. பெரிய பற்றரியின் மின்சாரத்தில் ஓடும் மோட்டர்தான் எஞ்சினை எழுப்புகிறது. அதேபோல ஓல்ரனேற்றரும் கிடையாது, பெரிய பற்றரியில் இருந்துதான் சின்னது சார்ஜ் ஆகிறது. சின்னப் பற்றரி செத்தால், வாகனம் ஓடத் தயார் என்று காட்டும் 'ரெடி' விளக்கு வராது, திரையில் சம்பந்தமில்லாத எச்சரிக்கைகள் எல்லாம் வந்து போகும், கதவு ரிமோட்டுக்குத் திறக்காது. நீங்கள் எழுதியதில் இவை ஒன்றுமே இல்லை. ஆகவே முதல் கராஜ்காரர் மாற்றியது நோய்க்கு அல்ல. ஒருவேளை பழையதும் போகிற நிலையில் இருந்திருக்கலாம், காசு முழுதாக வீண் என்று நினைத்து மனம் நோக வேண்டாம். எனக்கு அவர்மேல் உள்ள கோபம் வேறு. ஸ்கானரில் வந்த பழுது இலக்கத்தை உங்களுக்குச் சொல்லாமல் அழித்தாரே, அதுதான் பெரிய பிழை. வருத்தக்காரரின் இரத்தப் பரிசோதனை முடிவைக் கிழித்தெறிந்துவிட்டு மருந்து கொடுத்த மாதிரி. முக்கோணம் எரிந்த நேரத்தில் வேகம் என்ன, பற்றரியின் சூடு என்ன, எந்தப் பகுதி இறங்கியது என்பதெல்லாம் அந்த இலக்கத்தோடு சேர்ந்து பதிவாகியிருக்கும். அழித்தவுடன் அதுவும் போய்விட்டது. இனி எங்கே ஸ்கானர் பூட்டினாலும், அழிக்கும் முன் திரையைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

பெரிய பற்றரி நிக்கல் வகை. 20 மொடியூல், ஒவ்வொன்றிலும் ஆறு செல், ஒரு செல் 1.2 வோல்ற். 120 செல்லும் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரில் இருப்பதால் 144 வோல்ற் வருகிறது. கொள்ளளவு 6.5 அம்பியர் மணி. கணக்குப் பார்த்தால் முழுப் பற்றரியும் சேர்ந்து உங்கள் வீட்டு மின்கட்டணத்தில் ஒரு யூனிற்றுக்கும் குறைவு. அதிலும் பற்றரி நீடித்து உழைக்க வேண்டும் என்பதற்காக, ஏறக்குறைய 40 சதவீதத்துக்குக் கீழே போகாமலும் 80 சதவீதத்துக்கு மேலே ஏறாமலும் கணினி பார்த்துக்கொள்ளும். ஆக, புது அக்குவா என்றாலும் வெறும் மின்சாரத்தில் ஓடக்கூடியது ஒன்றிரண்டு கிலோமீற்றர்தான். திரையில் கட்டம் ஏறி இறங்குவது இயல்பு. இயல்பில்லாதது அது ஏறி இறங்கும் வேகம்.

வவுனியாக்காரருக்கு இதைக் குளத்தை வைத்துச் சொன்னால் கெதியாக விளங்கும். தூர்ந்துபோன குளம் ஒரு மழையிலேயே வான் பாயும். நாலு நாள் வெயிலில் அடி தெரியும். பார்க்கிறவருக்குக் குளம் நிரம்பித்தான் இருக்கிறது, ஆனால் உள்ளே சேறு இருக்கும் இடத்தில் தண்ணீர் இல்லை. உங்கள் பற்றரி நிமிடங்களில் நிரம்பி நிமிடங்களில் வற்றுவது இதனால்தான். சார்ஜ் நிற்கவில்லை என்பதைவிட, சார்ஜ் நிற்க இடமில்லை என்று சொல்வதுதான் சரி.

இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. செல்கள் தொடரில் இருப்பதால் எல்லாவற்றுக்கும் ஒரே அளவு மின்சாரம் போகும், ஒரே அளவு வெளியே வரும். 119 குடத்தோடு ஒரு செம்பையும் வரிசையில் வைத்து, எல்லாவற்றுக்கும் ஒரே அளவு ஊற்றுவதாக நினைத்துப் பாருங்கள். செம்பு முதலில் வழியும். எடுக்கும்போதும் செம்புதான் முதலில் காலியாகும். அதன் வோல்ற் சரிவதைப் பார்த்து, பற்றரி முடிந்தது என்று கணினி எஞ்சினை எழுப்புகிறது. மற்றக் குடங்களில் பாதி தண்ணீர் கிடந்தும் பிரயோசனம் இல்லை. எஞ்சின் இப்படி அடிக்கடி ஓடுவதால்தான் லீற்றருக்கு 21 என்பது 15 ஆனது. ஏற்றி இறக்கும் வேலை கூடக்கூடச் சூடு கூடுகிறது, அதனால் விசிறியும் இரைகிறது.

உங்கள் பற்றரி எந்த வகை? ஒரு செம்பா, அல்லது எல்லாக் குடமும் சேர்ந்தே தூர்ந்துவிட்டதா? இரண்டாமவரும் மூன்றாமவரும் சொல்வதில் எது சரி என்பது இந்த ஒரு கேள்வியில்தான் இருக்கிறது. அளக்காமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் இருவரும் அளக்கவில்லை. எனக்கும் இங்கிருந்து சொல்ல முடியாது. சந்தேகம் மட்டும் இருக்கிறது, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

அளக்கும் முன் தம்பியின் வேலை. பின்சீற்றின் கீழ்ப்பக்கத்தில் சின்னச் சின்னத் துவாரங்களோடு ஒரு காற்றுவாய் இருக்கும். பற்றரியைக் குளிர்விக்கும் விசிறி அந்த வழியாகத்தான் காருக்குள் இருக்கும் காற்றை இழுக்கிறது. எத்தனையோ வாகனங்களில் இதைத் துவாயாலோ, தேங்காய்ச் சாக்காலோ, பிள்ளைகளின் புத்தகப் பையாலோ மூடி வைத்திருப்பார்கள். சீற் கவர் தைக்கும்போது அதற்கு மேலாகவே இழுத்துத் தைத்த கதையும் உண்டு. எங்கள் பக்கத்துச் செம்மண் தூசு வேறு. விசிறியின் இதழ்களில் மாவு பிசைந்து அப்பியது போலப் படிந்திருக்கும், ஒரு முறை உள்ளே பல்லி முட்டைகூடக் கிடந்தது. தம்பி காற்றுவாயைச் சுற்றியிருப்பதை அகற்றி, தூசு உறிஞ்சியால் வெளியில் இருந்து இழுத்துவிடட்டும். தண்ணீரோ காற்றழுத்தமோ அடிக்கக் கூடாது, தூசு உள்ளேதான் போகும். விசிறியைக் கழற்றிக் கழுவுவது கராஜ் வேலை, ஏனென்றால் அது பற்றரிப் பெட்டியோடு ஒட்டி இருக்கிறது.

இதோடு சேர்த்து ஒன்று கேட்கிறேன். பெற்றோலை மிச்சம் பிடிக்க ஏசி போடாமல் ஓடுகிறீர்களா? பலர் அப்படித்தான். நல்ல பழக்கம் என்றும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பற்றரி குடிப்பது நீங்கள் குடிக்கும் அதே காற்றைத்தான் ரீச்சர். பங்குனி, சித்திரை வெயிலில் கண்ணாடியை இறக்கிவிட்டு ஓடினால் அது உள்ளே இழுப்பது அனல். நிக்கல் பற்றரியைக் கொல்வதில் முதல் இடம் சூட்டுக்குத்தான். நடுவில் இருக்கும் மொடியூல்களுக்குக் காற்று குறைவு என்பதால் அவைதான் பெரும்பாலும் முதலில் போகின்றன. ஏசிக்குப் போகும் பெற்றோல் காசைப் பற்றரியின் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

சரி, இப்போது அளவுக்கு வருவோம். முதலில் ஒரு செலவில்லாத சோதனை. காலையில் வாகனத்தை எடுத்து, கொஞ்சத் தூரம் ஓடி எஞ்சின் சூடானதும், பாதுகாப்பான வெளியான இடத்தில் பார்க்கிங் (P) கியரில் நிறுத்துங்கள். மூடிய கராஜுக்குள் வேண்டாம், எஞ்சின் புகை உயிரைக் குடிக்கும். ஏசியை முழுதாக, விளக்கைப் போட்டு, 'ரெடி'யில் விட்டு மணிக்கூட்டைப் பாருங்கள். எஞ்சின் நின்றதில் இருந்து மறுபடி தானாக எழும்ப எத்தனை நிமிடம்? எழும்பியபின் நிற்க எத்தனை நிமிடம்? மூன்று சுற்று எழுதி வையுங்கள். நல்ல பற்றரி பல நிமிடம் தாங்கும். ஓரிரு நிமிடத்துக்கு ஒருமுறை எஞ்சின் எழும்பி அடங்கிக்கொண்டிருந்தால் கொள்ளளவு போய்விட்டது என்று அர்த்தம்.

அடுத்தது ஸ்கானர். கணினி 20 மொடியூலையும் இரண்டிரண்டாகச் சேர்த்துப் பத்துப் பிளொக்காகப் பார்க்கிறது. ஒவ்வொரு பிளொக்கின் வோல்ற்றையும் திரையில் காணலாம். வாகனம் சும்மா நிற்கும்போது பத்தும் ஒரே மாதிரித்தான் இருக்கும், அதை மட்டும் பார்த்துவிட்டு "பற்றரி நல்லம்" என்று சொல்பவரை நம்ப வேண்டாம். சும்மா இருக்கும்போது எல்லாரும் பலசாலிதான். நீங்கள் ஓட்ட, பக்கத்தில் இருப்பவர் திரையைப் பார்க்க வேண்டும். நின்ற இடத்தில் இருந்து கொஞ்சம் அழுத்தமாக எடுக்கும்போதும், வேகத்தில் இருந்து பிறேக் பிடிக்கும்போதும் எந்தப் பிளொக் மற்றவற்றை விட்டு விலகுகிறது என்பதுதான் சங்கதி. கூடியதற்கும் குறைந்ததற்கும் இடையே 0.1, 0.2 வோல்ற் என்றால் நான் கண்டுகொள்ள மாட்டேன். அரை வோல்ற்றைத் தாண்டினால் சந்தேகப்படுவேன். ஒரு வோல்ற்றுக்கு மேல் ஒரு பிளொக் மட்டும் விழுந்தால் அதற்குள் ஒரு செல் போய்விட்டது என்றே எடுத்துக்கொள்வேன். ஒரு செல்லின் வோல்ற் 1.2 என்று மேலே சொன்னேனே, அதுதான் காரணம். பத்தும் ஒன்றாகவே விழுந்து ஒன்றாகவே எழும்பினால் அது வேறு கதை: முழுப் பற்றரிக்கும் வயது போய்விட்டது.

இலக்கம் மறுபடி வந்தால் அதையும் வாசிக்கத் தெரிந்திருப்பது நல்லது. பி0ஏ80 (P0A80) என்பதற்குக் கையேட்டில் பற்றரியை மாற்று என்றுதான் போட்டிருக்கும். அதைக் கண்டவுடன் விலை சொல்பவர்கள் அதிகம். ஆனால் பிளொக்குகளின் வோல்ற்றைக் கணினிக்குச் சொல்லும் மெல்லிய வயர்களின் முனையில் பச்சை பிடித்திருந்தாலும் அதே இலக்கம் வரலாம். மொடியூல்களை இணைக்கும் செப்புப் பட்டைகள் கறுத்துப் பச்சை பிடிப்பதும் சாதாரணம், கடற்கரைப் பக்கம் ஓடிய வாகனங்களில் இன்னும் கூட. அவற்றைக் கழற்றிச் சுத்தமாக்கிச் சரியான இறுக்கத்தில் பூட்டியதோடு சரிவந்த வாகனங்களை நானே அனுப்பியிருக்கிறேன். ஆகவே பெட்டியைத் திறப்பவர் முதலில் பட்டைகளையும் வயர் முனைகளையும் பார்க்கட்டும். பி0ஏஏ6 (P0AA6) என்று வந்தால் மட்டும் விளையாட்டு வேண்டாம். உயர்மின்சாரம் எங்கோ வாகனத்தின் உடலோடு கசிகிறது என்று அர்த்தம். செல்லில் இருந்து காரத் திரவம் ஒழுகினாலும் இது வரும், அந்தத் திரவம் தோலை எரிக்கும்.

இனி மூன்றாமவரின் "ஒரு செல் மட்டும்" கதை. முதலில், செல்லைத் தனியாக மாற்ற முடியாது, ஆறு செல் உள்ள மொடியூலைத்தான் மாற்றலாம். பழுதான மொடியூலை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வேறொன்றைப் போட்டால் முக்கோணம் அணையும், வாகனமும் சந்தோசமாக ஓடும். எவ்வளவு நாளைக்கு? உங்கள் மற்றப் பத்தொன்பது மொடியூலும் இதே வயது, இதே வெயில், இதே ஓட்டம். பலவீனமானது விலகியதும் அடுத்த பலவீனமானது முன்வரிசைக்கு வருகிறது. நாலு மாதத்தில் ஒருமுறை, அப்புறம் இரண்டு மாதத்தில் ஒருமுறை என்று திரும்பத் திரும்ப அதே கராஜுக்கு வருவீர்கள். ஒவ்வொரு முறையும் பெட்டியை இறக்கி ஏற்றும் கூலி. மூன்றாவது தடவையில் ஆறில் ஒரு பங்கு பாதியாகிவிடும். தவிர, போடும் மொடியூலின் கொள்ளளவு மற்றவற்றோடு பொருந்த வேண்டும். புத்தம் புதியதைப் பழையதோடு கோர்த்தாலும் சரிவராது, இன்னும் மோசமானதைக் கோர்த்தாலும் சரிவராது.

ஒரே ஒரு நிலைமையில் இதற்கு நான் சம்மதிப்பேன். ஒரு பிளொக் மட்டும் தெளிவாக விழுகிறது, மற்ற ஒன்பதும் அழுத்தத்திலும் ஒன்றாக நிற்கின்றன, கழற்றிய பிறகு ஒவ்வொரு மொடியூலையும் தனித்தனியாக ஏற்றி இறக்கிக் கொள்ளளவு எழுதிக் காட்டத் தயார் என்கிறார் கராஜ்காரர். அந்தத் தாளில் மற்றவை நல்ல நிலையில் இருந்தால் செய்யலாம். இந்த வேலைக்குச் சில நாட்கள் பிடிக்கும். காலையில் விட்டுப் பின்னேரம் எடுங்கள் என்பவர் இதைச் செய்யப்போவதில்லை.

ரீகண்டிஷன் என்று சொல்வதும் இப்படித்தான். மெதுவாக ஏற்றி, முழுதாக இறக்கி, மறுபடி ஏற்றுவது உண்மையான வைத்தியம். செல்களுக்கு இடையே ஏற்றத்தாழ்வு வந்திருந்தால் அதைச் சமப்படுத்தும், நாள்பட நின்ற பற்றரியை எழுப்பும். ஆனால் சூட்டில் செல்லுக்குள் இருந்த ஈரம் வற்றியிருந்தால் எந்தச் சார்ஜரும் அதைத் திருப்பித் தராது. தூர்ந்த குளத்துக்குத் தண்ணீர் விட்டால் குளம் ஆழமாகுமா? ரீகண்டிஷன் செய்த பற்றரி என்று விற்பதும் பல இடங்களில் வேறொரு காரில் இருந்து கழற்றியதுதான். வாகன இறக்குமதியை 2020 மார்ச்சில் நிறுத்தி, 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்கு மறுபடி திறந்தார்கள். உள்நாட்டில் ஓடிய பழைய அக்குவாவின் பற்றரி என்றால் அதற்கும் பெரும்பாலும் உங்களுடையதன் வயதுதான் இருக்கும். ஒரு வருத்தக்காரருக்கு இன்னொரு வருத்தக்காரரின் சிறுநீரகத்தைப் பொருத்தி என்ன பயன்? வாங்கத்தான் வேண்டும் என்றால், உங்கள் வாகனத்திலேயே பூட்டி, அழுத்தத்தில் பத்துப் பிளொக்கையும் காட்டச் சொல்லி, உத்தரவாதத்தை எழுத்தில் வாங்குங்கள். "பிரச்சினை வந்தால் கொண்டு வாங்கோ அக்கா, பார்த்துத் தருவம்" என்பது உத்தரவாதம் அல்ல.

லித்தியத்துக்கு மாற்றித் தருகிறோம் என்றும் யாராவது சொல்லலாம். உங்கள் வாகனத்தின் கணினி நிக்கலை நினைத்து எழுதப்பட்டது. நல்ல கட்டுப்பாட்டுச் சுற்றோடு செய்தால் ஓடும். ஆனால் நாளைக்குப் பழுது வந்தால் பூட்டியவரைத் தவிர வேறு யாரும் தொட மாட்டார்கள். தினமும் பள்ளிக்கூடத்துக்குப் போகும் ஒருவருக்கு அது வேண்டாம் என்பது என் கருத்து.

வேறு சில அறிவுரைகளும் உங்கள் காதுக்கு வந்திருக்கும். B என்ற எழுத்துக்குக் கியரை இழுத்து ஓடினால் பற்றரி நல்லாக ஏறும் என்பார்கள். அந்த பிறேக் கியர் நீண்ட இறக்கத்துக்கு, மலையகத்தில் இருந்து இறங்கும்போது பிறேக் சூடாகாமல் இருக்க. அதில் எஞ்சின் சும்மா சுழன்று சக்தியைத் தின்கிறது. டி கியரிலேயே முன்கூட்டிப் பார்த்து மெதுவாக பிறேக் பிடித்தால்தான் அதிகம் திரும்பக் கிடைக்கும். வீட்டுப் பிளக்கில் போட்டுச் சார்ஜ் ஏற்றலாம் என்பதும் உங்கள் வாகனத்துக்கு இல்லை. ஆனால் நியூட்ரல் விசயத்தை மட்டும் கவனியுங்கள். ரயில் கடவையில் கேற் போட்டதும் நியூட்ரலுக்குத் தள்ளிவிட்டு ஏசியில் இருக்கிறோம் அல்லவா, நியூட்ரலில் பற்றரி ஏறவே ஏறாது. ஏசி குடித்துக்கொண்டே இருக்கும். பார்க்கிங் (P) கியரில் போட்டுவிடுங்கள்.

2022இல் உங்கள் வாகனம் எப்படி இருந்தது என்று நீங்கள் எழுதவில்லை. பெற்றோல் வரிசைக் காலத்தில் கெட்ட பற்றரிகள் இன்னும் என் கராஜுக்கு வருகின்றன. சிலர் மாதக்கணக்கில் ஓட்டாமலே நிறுத்தி வைத்தார்கள். இந்தப் பற்றரி சும்மா நின்றாலும் தன்பாட்டில் இறங்கும், ஒவ்வொரு செல்லும் ஒவ்வொரு வேகத்தில் இறங்கும். வேறு சிலர் தாங்கியில் பெற்றோல் முடிந்த பிறகும் வரிசையில் பத்தடி பத்தடியாக மின்சாரத்திலேயே நகர்த்தினார்கள். அதைவிட மோசமான வேலை கிடையாது. அடிமட்டத்துக்கு இறங்கிய பற்றரியால் எஞ்சினை எழுப்ப முடியாது, பிறகு பெற்றோல் ஊற்றியும் வாகனம் அசையாது. சின்னப் பற்றரிக்கு ஜம்ப் கொடுத்தும் பயனில்லை. அப்படி ஒரு நாளைச் சந்தித்த வாகனமா என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள், முன்பு வேறொருவரிடம் இருந்தது என்றால் அவரிடமும்.

இனி என் சந்தேகம். 2013ஆம் ஆண்டு வாகனம், வவுனியா வெயில், ஒரே ஒரு முறைதான் முக்கோணம், ஆனால் இரண்டு மாதமாகப் படிப்படியான இறக்கம். ஒரு செல் திடீரென்று செத்தால் முக்கோணம் இப்படி ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுப் போகாது, கெதியாகவே திரும்பி வந்து நிற்கும். ஆகவே முழுப் பற்றரியும் களைத்திருக்கும் பக்கமே என் மனம் சாய்கிறது. மீற்றரில் உள்ள ஒரு இலட்சத்து 62 ஆயிரத்தையும் நான் வேதவாக்காக எடுப்பதில்லை. கப்பலில் வரும்போது மீற்றர் இளமையாகிவிடும் வாகனங்களை நிறையப் பார்த்தாயிற்று. பிளொக்குகளின் கணக்கு இதையே சொன்னால், இந்தக் காரை இன்னும் நாலைந்து வருடம் வைத்திருக்க நினைத்தால், முழுதாகப் புதிய பற்றரி போடுங்கள். செலவு பெரிது, தெரியும். ஆனால் ஒரு முறை. அடுத்த வருடமே விற்கும் எண்ணம் என்றால் போட வேண்டாம். உள்ளதை உள்ளபடி சொல்லி, விலையைக் குறைத்து விற்றுவிடுங்கள்.

காசைக் கொடுக்கும் முன் இன்னொன்று. லீற்றருக்கு ஓடும் தூரம் குறைய ரயர் காற்றும் ஒட்டிப் பிடிக்கும் பிறேக்கும்கூடக் காரணமாகலாம். ஓடி வந்து நிறுத்தியதும் நாலு சில்லின் பக்கத்திலும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொட வேண்டாம். ஒன்றில் மட்டும் அனல் அடித்தால் அதையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

அதுவரை பள்ளிக்கூடத்துக்கு ஓடலாமா? முக்கோணம் எரியாதவரை ஓடலாம். ஏசியைப் போட்டு, வெயிலில் நிறுத்தாமல், பாரம் ஏற்றாமல். இரவில் தனியாகத் தூரப் பயணம் வேண்டாம். வழியில் புகையோ எரியும் மணமோ வந்தால் உடனே ஓரங்கட்டி அணைத்துவிட்டு எல்லாரும் இறங்கித் தள்ளி நில்லுங்கள். அப்படி ஒன்றும் இல்லாமல் முக்கோணம் மட்டும் எரிந்து வாகனம் ஓடிக்கொண்டிருந்தால், காட்டுப் பாதையில் அணைக்காதீர்கள், மறுபடி எழும்பாமல் போகலாம். மெதுவாக ஆட்கள் உள்ள இடம் வரை கொண்டுபோய் நிறுத்துங்கள். இழுத்துச் செல்ல யாராவது வந்தால், முன் சில்லு இரண்டும் நிலத்தில் உருள இழுக்க விடாதீர்கள். அவை சுழன்றால் உள்ளே மோட்டரும் சுழன்று மின்சாரம் பிறப்பிக்கும், இருக்கிற பழுதோடு இன்வேட்டரும் போய்ச் சேரும். முன்பக்கத்தைத் தூக்க வேண்டும், அல்லது முழுதாக லொறியில் ஏற்ற வேண்டும். கயிறு கட்டி இழுக்கிறேன் என்று வரும் உதவிக்காரருக்கு ஒரு நன்றி சொல்லி அனுப்பிவிட்டு, லொறிக்குப் போன் எடுங்கள்.